லயத்துக்கு வந்த டட்சன்

தோட்டத்துப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் "ஒன் டுவென்டி வை" என்று சொல்லிப் பாருங்கள். அது என்ன நம்பர், என்ன எழுத்து என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். முகம் மலர்ந்துவிடும். "அந்தக் காடியா? எங்க தண்டல் வச்சிருந்தாருங்க. மஞ்சக் கலரு. அதுலதான் எங்க அக்கா கல்யாணத்துக்குப் பொண்ணு அழைச்சாங்க" என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை பேச்சு நிற்காது.

சம்பளம், சேமநிதி, வீட்டுடைமை என்று எழுதுகிற பத்தியில் இந்த வாரம் காடிக் கதையா என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலர் பழைய டட்சனைத் தேடிப் பிடித்து, பளபளவென்று சாயம் அடித்து, வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காடி யார் கையால் வந்தது, என்ன விலை கொடுத்து வந்தது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. விலை என்று நாம் சொல்வது வெள்ளிக் கணக்கை மட்டும் அல்ல.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1911ல் தோக்கியோவில் ஹாஷிமோத்தோ மாசுஜிரோ என்ற பொறியாளர் சிறிய அளவில் ஒரு மோட்டார் கம்பெனி தொடங்கினார். கை கொடுத்தவர்கள் மூன்று பேர்: டென், அவோயாமா, தக்கேயுச்சி. 1914ல் காடி செய்து முடித்தபோது, நன்றிக்காக அம்மூவர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "டாட்" என்று பெயர் வைத்தார். 1931ல் 500 சி.சி.க்குள் அடங்கும் குட்டிக் காடி ஒன்று வந்தது. டாட் பெற்ற மகன் என்று ஆங்கிலப் பாணியில் அதற்கு "டட்சொன்" என்று பெயர் சூட்டினார்கள். அப்புறம்தான் உறைத்தது, ஜப்பானிய மொழியில் "சொன்" என்றால் நஷ்டம்! வியாபாரத்துக்குப் போகிற பொருளுக்கு நஷ்டம் என்று யாராவது பெயர் வைப்பார்களா? 1932ல் அது "சன்" ஆயிற்று, சூரியன். நம்ம ஆட்கள் புதுக் காடிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிற மாதிரிதான். சாஸ்திரம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

1933 டிசம்பரில் ஐக்காவா யோஷிசுக்கே என்ற பெருமுதலாளி யோக்கோஹாமாவில் புதுக் கம்பெனி ஆரம்பித்து, டட்சனை அதற்குள் கொண்டுவந்தார். 1934ல் அதன் பெயர் நிசான். அன்றிலிருந்து கம்பெனி நிசான், காடி டட்சன். போர்க் காலத்தில் அதே கம்பெனி ஜப்பானியப் படைக்கு லாரி செய்து கொடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஜப்பான்காரன் காலம் என்றாலே நம் முதியவர்களுக்கு லாரிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். 1942, 43ல் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சயாம் பர்மா ரயில் பாதையில் போட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அங்கிருந்து உயிரோடு திரும்பிய ஒரு பெரியவரின் மகனை நமக்குத் தெரியும். பேராக்கில் லாரி ஓட்டியவர். 1980களில் அவர் பழைய டட்சன் ஒன்றை வாங்கி லயத்து முன்னால் நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. பெரியவர் மட்டும் எழுந்து வரவில்லை. "எங்கண்ணனை அங்க ஒழுங்காப் பொதைக்கக்கூட விடல. அவன் செஞ்ச காடியில நான் எதுக்கு உக்காரணும்?" என்று கேட்டாராம். கோயில் திருவிழா, உறவுக்காரர் வீடு, எதுவானாலும் நடந்து போய் பஸ் ஏறினார். இரண்டு வருடம் இப்படி. ஒரு நாள் ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது கேட்காமலே தூக்கிக் காடியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குணமாகித் திரும்புகிற அன்று அவரே கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை என்று மகன் சொன்னார். மகனும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் காடியைச் செய்தவனும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான் என்பதை அந்தப் பெரியவரிடம் யார் சொல்வது? சொன்னால்தான் என்ன ஆகும்?

யோக்கோஹாமாவில் 1953

போர் முடிந்த பிறகு ஜப்பானில் தொழிற்சங்கங்கள் பலமாக எழுந்தன. நிசான் ஆலையில் அகில ஜப்பான் மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் கிளை வலுவாக இருந்தது. தலைவர் மாசுடா தெட்சுவோ. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஆனால் தொழிலாளிகளோடு நின்றவர். 1949ல் பெரிய ஆட்குறைப்பை அவர்கள் ஏற்கனவே பார்த்திருந்தார்கள். ஆகவே வேலை இடத்திலேயே, ஒவ்வொரு பகுதியிலும், மேலதிகாரியோடு நேருக்கு நேர் பேசித் தீர்க்கும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். நம்ம பாஷையில் சொன்னால், பெரட்டுக் களத்திலேயே மண்டோரை நிறுத்தி நியாயம் கேட்கிற மாதிரி.

நிர்வாகத்துக்கு இது பிடிக்குமா? 1953ல் சம்பளக் கோரிக்கை வந்ததும் அதையே சாக்காகக் கொண்டு மோதிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பேங்குகள் பின்னால் இருந்தன. நிர்வாகத்தில் பிடியை வைத்திருந்த கவாமாத்தா கத்சுஜியே பேங்கிலிருந்து வந்தவர்தான். ஆகஸ்டில் கதவடைப்பு. தடுப்பு கட்டித் தொழிலாளிகளை வெளியே நிறுத்தினார்கள். சங்கத் தலைவர்கள் கைது. சம்பளம் இல்லாமல் குடும்பங்கள் வாடிக்கொண்டிருந்தபோது, அந்த மாதக் கடைசியில் போட்டிச் சங்கம் ஒன்று முளைத்தது. சங்கத்தை உண்மையாக நேசிப்பவன் கம்பெனியையும் நேசிப்பான் என்பது அதன் கோஷம். அதில் சேர்ந்தவனுக்கு வேலை. பசித்த வயிறு எத்தனை நாள் தாங்கும்? செப்டம்பரில் போராட்டம் முடிந்தது. மாசுடா வேலையை இழந்தார். அடுத்த ஆண்டு, 1954 டிசம்பரில், பழைய பெரிய சங்கமே கலைக்கப்பட்டது.

நேர்மையாகச் சொன்னால், அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நிசான் தொழிலாளிக்குச் சம்பளம் ஏறியது, வேலையும் நிலைத்தது. உலகமெல்லாம் காடி விற்றது. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "வேகத்தைக் குறை, ஆள் போடு" என்று வேலை இடத்தில் நின்று சொல்லக்கூடிய வாய் 1953லேயே அடைக்கப்பட்டுவிட்டது. நாம் ஓட்டிய டட்சன் எல்லாம் அந்த அமைதிக்குப் பிறகு செய்யப்பட்ட காடிகள்.

காடி நல்ல காடிதான். அதிலும் சந்தேகம் வேண்டாம். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு 1952ல் ஒப்பந்தம் போட்டு, அவர்கள் காடியைப் பூட்டிப் பூட்டியே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1958ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர் ஓடும் போட்டிக்கு இரண்டு சின்ன டட்சன்களை அனுப்பினார்கள். அதில் ஒன்று தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. 1966ல் "சன்னி" பிறந்தது. அந்தச் சன்னியின் மூன்றாவது தலைமுறைதான் 1973ல் வந்த நம்ம 120ஒய். அதே ஆண்டில் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை உலகெங்கும் ஏறியபோது, கொஞ்சமாகக் குடித்து நிறைய ஓடுகிற காடிக்குக் கிராக்கி வந்தது.

நம் நாட்டில் டான் சோங் நிறுவனத்தார் 1957லேயே டட்சன் விற்கும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். 1976ல் செகாம்புட்டில் அவர்களுடைய பூட்டும் ஆலை திறந்தது. இங்கேயே பூட்டிய காடி, சாமான் எங்கும் கிடைக்கும். கிராணியும் வாத்தியாரும் புதிதாக வாங்கினார்கள். அவர்கள் ஓட்டி முடித்த பிறகு, நாலாவது கை, ஐந்தாவது கையாக அது லயத்துக்கு வந்தது.

சிகரெட் அட்டையும் தகரமும்

தோட்டத்தில் காடி என்பது பவுசுக்கு மட்டும் அல்ல. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே நாலு மைல், ஐந்து மைல் செம்மண் பாதை. பஸ் உள்ளே வராது. பிரசவ வலி ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் தோட்டத்து லாரி டிரைவரை எழுப்ப வேண்டும், அவர் தொரையைக் கேட்க வேண்டும். லயத்தில் ஒருத்தர் வீட்டில் டட்சன் இருந்தால் அது ஐம்பது வீட்டுக் காடி. சிலர் அதையே சாப்புக் காடியாக ஓட்டினார்கள். சம்பள நாளில் பட்டணத்துக்கு ஐந்து பேர் போக வேண்டிய இடத்தில் எட்டுப் பேர், மடியில் பிள்ளைகள், பின்னால் அரிசி மூட்டை. சட்டப்படி தப்பு. ஆனால் அந்தக் காடி இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை.

பின் சக்கரத்துக்கு இலை ஸ்பிரிங், லாரிக்கு இருப்பது போலவே. அதனால்தான் எட்டுப் பேரைத் தாங்கியது. எஞ்சின் 1171 சி.சி. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை நுழைய இடம் இருக்கும். உள்ளே செயின், இப்போது வரும் பல காடிகளைப் போல பெல்ட் இல்லை. பாயிண்ட் இடைவெளி வைக்க அளவுத் தகடு இல்லையா? சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகிச் சரிபார்ப்பார்கள், காடி கிளம்பிவிடும். மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் துணியால் துடைத்து, ஊதி, மாட்ட வேண்டியதுதான். ஆறாம் வகுப்போடு நின்ற எத்தனை பையன்கள் இந்த ஒரு எஞ்சினில் தொழில் கற்றுக்கொண்டார்கள்! கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி நம்மிடம் சொன்னார்: "அண்ணே, பள்ளிக்கூடத்துல என்னை மக்குன்னாங்க. டட்சன் என்னை அப்படிச் சொல்லல. தப்பாப் பூட்டுனா ஓடாது, சரியாப் பூட்டுனா ஓடும். அவ்வளவுதான் லா."

குறை இல்லாமலா? பெரிய குறை துரு. தகடு மெல்லிசு. நம்ம ஊர் மழை, செம்மண் சேறு, இரண்டும் சேர்ந்தால் பத்து வருடத்தில் அடித்தளம் ஓட்டை. பின் சீட்டில் உட்கார்ந்த பிள்ளை காலுக்குக் கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகும். கூரைத் தகரத்தை வெட்டி ஆணி வைத்து அடித்து, மேலே ரப்பர் பாய் போட்டு மூடி விற்றவர்களும் உண்டு. வாங்கியவனுக்கு மழைக் காலம் வந்த பிறகுதான் தெரியும். இன்றைக்குப் பழைய டட்சன் தேடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: சாயத்தைப் பார்க்காதீர்கள், பாயைத் தூக்கிப் பாருங்கள். பின் சக்கரத்து வளைவிலும், ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடத்திலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அங்கே துரு ஏறியிருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் வேண்டாம். சாலை வரி ஒன்றும் பாரமில்லை. 1200 சி.சி.க்குள் அடங்குவதால் தீபகற்பத்தில் வருடத்துக்கு 55 வெள்ளிதான்.

துருவை விடக் கொடுமையானது தவணை. சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மா ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். "முன்பணத்துக்கு என் தாலிக்கொடிய அடகு வச்சோம். ரெண்டரை வருஷம் கட்டினோம். மழையில வேலை இல்ல, மூணு மாசம் சம்பளம் கொறஞ்சிருச்சு. ஒரு நாள் காலையில பெரட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், காடி நின்ன எடத்துல எண்ணெய்க் கறைதான் இருக்கு." வீட்டுக்கு ஒரு காகிதம்கூட வரவில்லை என்கிறார். அந்தக் கடன் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அவர் அழுதது காடிக்காக அல்ல, கொடிக்காக. அதை மீட்கவே முடியவில்லை.

வாடகைக் கொள்முதல் சட்டம் நம் நாட்டில் 1967லேயே வந்தது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால்தான் காடியை எடுக்கிற உரிமையே பிறக்கும். அதற்கும் முன்னால் நான்காம் அட்டவணை நோட்டீஸ் என்ற கடிதம் எழுத்து மூலம் வர வேண்டும், 21 நாள் அவகாசம் தர வேண்டும். பின்னாளில் செய்த திருத்தப்படி, காடி விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடவே முடியாது. புதுக் காடியோ பழைய காடியோ, தவணை கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். இழுக்க வருகிறவன் முன்னால் உங்கள் வாயை விட அந்த டின்தான் அதிகம் பேசும்.

1981ல் நிசான் கம்பெனி டட்சன் என்ற பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. 1986க்குள் உலகெங்கும் பெயர்ப் பலகைகள் மாறின. இங்கே 1985ல் புரோட்டோன் சாகா வந்தது. அதுவும் ஜப்பானின் மிட்சுபிஷி காடியை அடியொற்றியதுதான். நம் ஆட்கள் மெல்ல அதற்கு மாறினார்கள். ஆனாலும் நிசான் காடியைப் பார்த்து "டட்சன்" என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரகடத்தில் மீண்டும்

பெயர் செத்துவிடவில்லை. 2013ல் டெல்லியில் அதே பெயரில் ஒரு மலிவுக் காடியைக் காட்டினார்கள். டட்சன் கோ. இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில், முதல் முறையாகக் காடி வாங்கும் குடும்பங்களுக்கு என்று விற்றார்கள். இந்தியாவுக்கான காடி எங்கே செய்யப்பட்டது தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில். 2010ல் திறந்த ஆலை அது. நம் தாத்தாக்கள் கப்பலேறிப் புறப்பட்ட அதே தமிழ் மண்ணில், தமிழ்த் தொழிலாளர் கையால் டட்சன்!

பெருமைப்படலாம் என்று பார்த்தால், 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு அந்தக் காடியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நட்சத்திரம் பூஜ்யம். உயிர் காக்கும் காற்றுப் பை இல்லை என்பது மட்டும் அல்ல, காடியின் உடற்கூடே நிலைக்கவில்லை, காற்றுப் பை வைத்தாலும் பயன் இராது என்றார்கள். விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கம்பெனித் தலைவருக்கு வேண்டுகோள் போனது. இந்திய விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்கிறோம் என்பது கம்பெனியின் பதில். விதி இருக்கட்டும். ஏழை வாங்குகிற காடி என்றால் உயிரிலா மிச்சம் பிடிப்பது? அன்றைய 120ஒய்யிலும் தகடு மெல்லிசுதான், ஆனால் அது 1973. நாற்பது ஆண்டு கழித்தும் மலிவு என்றால் மெல்லிசு என்றே இருப்பதை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டட்சன் என்ற பெயர் 2022ல் மறுபடியும் நிறுத்தப்பட்டது.

2021 மே மாதம், கோவிட் நோய் தமிழ்நாட்டை உலுக்கிய நாட்களில், அதே ஒரகடம் ஆலைத் தொழிலாளர்கள் உற்பத்தி ஓட்டத்தில் இடைவெளி விட்டு நிற்க முடியவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். எல்லா ஏற்பாடும் சரியாக இருக்கிறது என்றது நிர்வாகம். வேலைக்கு வர மாட்டோம் என்று தொழிலாளர்கள் நின்றார்கள். மாதக் கடைசியில் ஆலை சில நாட்கள் மூடப்பட்டது. வேலை வேகத்தைப் பற்றி வேலை இடத்திலிருந்தே கேள்வி! யோக்கோஹாமாவில் 1953ல் அடைத்த வாய் ஒரகடத்தில் திறந்தது என்று நமக்குத் தோன்றியது.

ஜப்பானில் என்ன ஆயிற்று? நம் சன்னிகளைச் செய்த ஸாமா ஆலையில் 1995லேயே காடி உற்பத்தி நின்றது. 1999ல் 21,000 வேலைகளைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2025 மே மாதம் மேலும் 20,000 என்றார்கள். அந்த ஜூலையில் இன்னொரு அறிவிப்பு: 1961 முதல் ஓடிவரும், ப்ளூபேர்ட் காடிகளைச் செய்த ஒப்பாமா ஆலையில் 2028 மார்ச்சோடு காடி உற்பத்தி முடிகிறது, வேலை தெற்கே கியூஷூவுக்குப் போகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஊர் மாறுவதா, வேறு வேலை தேடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வாங்கிய நம் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.